ஊர்க் கண்மாய்க்கு சிஎஸ்ஆர் நிதி: முதன்முறை கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்மாய் தூர்ந்துபோய்ச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஊராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். டீக்கடையில் யாராவது ஒருவர், "ஏதாச்சும் கம்பெனியில சிஎஸ்ஆர் ஃபண்டு கேட்டுப் பாக்கலாம்லப்பா" என்பார். சிஎஸ்ஆர் என்றால் நிறுவன சமூகப் பொறுப்பு, அதாவது கம்பெனிகள் தங்கள் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிடுவது. அடுத்த வாரமே இளைஞர் மன்ற லெட்டர்பேடில், கல்யாணப் பத்திரிகை வைப்பது போல, கையில் கிடைத்த கம்பெனி முகவரிக்கெல்லாம் ஒரே கடிதம் போகும். ஒன்றுக்கும் பதில் வராது. "எல்லாம் ஆள் பார்த்துத்தான் தர்றாங்க" என்ற முடிவோடு பேச்சு நின்றுவிடும்.

அந்தக் கடிதம் எழுதுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகள்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. கண்மாயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அங்கன்வாடி, பொதுக் கழிப்பறை, குடிநீர் என்று வேறு எதுவானாலும் பாதிக்கு மேல் இதே பாதைதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேவை அதிகமுள்ள ஊரைத் தேடி இந்தப் பணம் போவதில்லை. இடம் யாருடையது, அனுமதி யார் தந்தது, கம்பெனிக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற மூன்று கேள்விக்கும் காகிதத்தில் பதில் வைத்திருக்கும் ஊருக்குப் போகிறது. இது நியாயமா என்றால் இல்லைதான். ஆனால் மூன்றும் நம் கையில் இருப்பவை.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் எந்த ஒன்றைத் தொட்டிருந்தாலும் அது இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நாடு முழுவதும் 2014-15இல் சுமார் 10,000 கோடி ரூபாயாக இருந்த இந்தச் செலவு 2022-23இல் 30,000 கோடியை நெருங்கியது.

தொடக்கத்தில், செலவழிக்காத கம்பெனி ஆண்டறிக்கையில் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரியில் அது மாறியது. இப்போது செலவாகாத தொகையைக் கம்பெனி வைத்துக்கொள்ள முடியாது. நடந்துகொண்டிருக்கும் பல்லாண்டுத் திட்டத்துக்கு உரியது என்றால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்று சட்டம் குறிப்பிடும் நிதிகளுக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் அபராதம். ஆகவே செலவழித்தே தீர வேண்டிய கட்டாயத்தில்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரரும் இருக்கிறார். நீங்கள் பிச்சை கேட்டுப் போகவில்லை. அவருக்குத் தேவையான ஒன்றை, அதாவது கணக்கில் காட்டத்தக்க நல்ல வேலை ஒன்றைக் கொண்டுபோகிறீர்கள். இந்த நினைப்பு இருந்தால் கடிதத்தின் தொனியே மாறிவிடும்.

எதற்கெல்லாம் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது: பசி, சுகாதாரம், பாதுகாப்பான குடிநீர், கல்வி, வாழ்வாதாரம், சுற்றுச்சூழலும் மண், நீர் வளமும், கிராமப்புற விளையாட்டு, ஊரக வளர்ச்சித் திட்டங்கள், பேரிடர் மேலாண்மை என்று நீளும். கண்மாய் சுற்றுச்சூழலிலும் வரும், ஊரக வளர்ச்சியிலும் வரும். கோயில் கும்பாபிஷேகம், ஊர்த் திருவிழா, கட்சிக்காரர் நடத்தும் கபடிப் போட்டிக் கோப்பை ஆகியவற்றுக்குக் கேட்காதீர்கள். அரசியல் கட்சிக்கு நன்கொடை, சொந்த ஊழியருக்கு மட்டும் பயன்படும் வேலை, விளம்பரத்துக்காகத் தரும் ஸ்பான்சர் இவையெல்லாம் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது.

முதல் வேலை: கண்மாய் யாருடையது என்று பாருங்கள்

"ஊர்க் கண்மாய்தாங்க, எங்க தாத்தா காலத்துல இருந்து" என்ற பதில் போதாது. தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கர், அதற்கு மேல் ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் வயல் பரப்பு) உள்ளவை நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணியும் குளமும் பெரும்பாலும் ஊராட்சியிடம் இருக்கும். யாரிடம் அனுமதி கேட்பது என்பதே இதைப் பொறுத்துத்தான்.

சர்வே எண்ணைக் கண்டுபிடித்து 'அ' பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பும் வகையும் எழுதிய வருவாய்த்துறைப் பதிவேட்டைப் பாருங்கள். வருவாய்த்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். நீர்நிலை என்று பதிவாகியிருக்கும் பரப்பு எவ்வளவு, இன்று தரையில் இருப்பது எவ்வளவு என்று ஒப்பிட்டால் ஆக்கிரமிப்பு வெளிச்சத்துக்கு வரும். வராத ஊர் குறைவு. வேலை தொடங்கும் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, சர்வேயரை வைத்து எல்லைக்கல் நடச் சொல்லுங்கள். ஜேசிபி உள்ளே இறங்கிய பிறகு ஒருவர் பட்டாவோடு வந்து நின்றால் வேலை நிற்கும், கம்பெனி பின்வாங்கும், ஊரில் சண்டை மிஞ்சும். ஆக்கிரமித்தவர் நம் பெரியப்பாவாகவே இருந்தாலும் இந்தப் பேச்சை முதலிலேயே பேசிவிடுவதுதான் நல்லது.

எதைச் செய்யப் போகிறோம் என்று முடிவுசெய்வது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தில் நடந்த கண்மாய் வேலைகளில் வீணாய்ப் போனவை பெரும்பாலும் இங்கேதான் பிசகியிருக்கின்றன.

தூர்வாருதல் என்றாலே கண்மாயின் நடுவில் ஜேசிபி நின்று மண் அள்ளும் காட்சிதான் எல்லார் மனதிலும் வருகிறது. படம் எடுக்கவும் அது நன்றாக இருக்கும். ஆனால் வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) அடைபட்டுக் கிடக்கும் கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நிரம்பாது. எனவே வேலையின் வரிசை மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் வரத்துக்கால். அடுத்து, மிகுதி நீர் வெளியேறும் கலுங்கும், வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையும். பிறகு கரை. கையில் பணம் மிச்சமிருந்தால் கடைசியாக ஆழப்படுத்துவது.

ஆழப்படுத்தும்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆடு மாடு குடிக்கும், மீன் வளரும், பக்கத்துக் கிணறு ஊறும். அது போதும் என்று ஊர் நினைத்தால் தோண்டலாம். பாசனம் கூடும் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைத் தோண்டினால் அடுத்த வருடம் பதில் சொல்ல முடியாது. கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும். அடியில் இருக்கும் களிமண் படுகையை உடைத்துவிட்டால் நீர் நிற்கிற கண்மாய் நீர் உறிஞ்சுகிற கண்மாயாகிவிடும். எந்த இடத்தில் எவ்வளவு என்று ஒன்றியப் பொறியாளரும், மடை திறந்து அனுபவமுள்ள ஊர்ப் பெரியவரும் சேர்ந்து நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிட்டுவிடும் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விஷயம் அவரிடம் இருக்கும்.

மண் எவ்வளவு வரும் என்று போட்டுப் பாருங்கள். 10 ஏக்கர் பரப்பில் அரை மீட்டர் ஆழத்துக்கு எடுத்தால் ஏறக்குறைய 20,000 கன மீட்டர். கூடுதலாக 2 கோடி லிட்டர் நீர் நிற்க அதனால் இடம் கிடைக்கும். ஒரு யூனிட் 100 கன அடி என்றால், மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் சுமார் 2,400 நடை. இத்தனை மண் எங்கே போகும்? கரையைப் பலப்படுத்தக் கொஞ்சம். வண்டலை விவசாயிகள் வயலுக்குக் கேட்பார்கள். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமில்லாமல் வண்டல், களிமண் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். அனுமதி இல்லாமல் ஒரு லாரி வெளியே போனாலும் மண் கடத்தல் என்று வழக்காகும், அதில் கம்பெனியின் பெயரும் அடிபடும். அவர்கள் பயப்படும் ஒரே விஷயம் இதுதான். உங்கள் திட்டத்தில் மண் எங்கே போகிறது என்று ஒரு பத்தி எழுதியிருந்தாலே, இவர்களுக்கு விவரம் தெரிகிறது என்று எதிராளி நிமிர்ந்து உட்காருவார்.

சீமைக்கருவேலத்தை வெட்டுவதற்கும் இதே எச்சரிக்கை. அந்த விறகுக்கு விலை உண்டு, அது பொதுச் சொத்து. ஏலம், தீர்மானம் என்று முறைப்படி போக வேண்டும். கூடவே நிற்கும் நாட்டுக்கருவேலத்தையும் புளியையும் சேர்த்துச் சாய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் நிற்க வேண்டும்.

இன்னொன்று. சில ஊர்களில் கம்பெனி வைத்துக் கொடுத்த ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடிகட்டி மாற்றுவது யார், கரண்டு பில் கட்டுவது யார் என்று யாரும் கேட்கவில்லை. சோலார் தெருவிளக்கின் பேட்டரி போனால் கம்பம் மட்டும் நிற்கும். பொருளாக வருவதைவிட, ஊருக்கே பழுதுபார்க்கத் தெரிந்த வேலையாக வருவது மேல் என்பது என் எண்ணம். கண்மாயைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிராம சபையும் அனுமதியும்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஏதாவது ஒன்றில் கண்மாய்ச் சீரமைப்பைத் தீர்மானமாக எழுதவையுங்கள். வெறுமனே 'தூர்வார வேண்டும்' என்று எழுதாமல், சர்வே எண், செய்யப்போகும் வேலைகள், தனியார் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற ஒப்புதல், முடிந்தபின் பராமரிப்பு யார் பொறுப்பு என்று நான்கும் தீர்மானத்தில் இருக்கட்டும். தீர்மான நகலில் ஊராட்சித் தலைவரோ, அவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலரோ கையெழுத்திட வேண்டும். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் இந்த வேலை இடம்பெற்றிருந்தால் இன்னும் வலு.

தீர்மானத்தோடு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் போய் மதிப்பீடு கேளுங்கள். ஒன்றியப் பொறியாளர் தயாரித்த மதிப்பீட்டுக்கு இருக்கும் மதிப்பு, ஒப்பந்ததாரர் நண்பர் போட்டுக் கொடுத்த கொட்டேஷனுக்கு இல்லை. அனுமதிக் கடிதம் கடைசியில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் மட்டத்தில்தான் முடியும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுப்பதைவிட, ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநரை நேரில் பார்ப்பது விரைவாக நடக்கும். அந்த வேலைக்கு அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும். ஒதுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு பில் என்ற சந்தேகம் எழுந்தால் அந்த ஊருக்கு யாரும் மறுபடி பணம் தரமாட்டார்கள்.

உங்கள் தேவை அரசுப் பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் இவ்வளவு சுற்ற வேண்டாம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் அதற்கென்றே இருக்கிறது. தலைமையாசிரியர் மூலமாகப் போங்கள்.

பணம் யார் பெயரில் வரும்

இளைஞர் மன்றத்தின் பெயரில் வராது. கம்பெனி தானே நேரடியாகச் செய்யலாம். அல்லது பதிவுபெற்ற அறக்கட்டளை, சங்கம், பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கமில்லாதது), அரசு ஏற்படுத்திய அமைப்பு ஆகியவற்றின் மூலம் செய்யலாம். தனியார் அறக்கட்டளை என்றால் வருமானவரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும். அதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். இவற்றோடு, 2021 ஏப்ரல் முதல், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். இந்த எண் இல்லாமல் பேச்சே தொடங்காது.

இதைப் படித்துவிட்டு உடனே ஓர் அறக்கட்டளையைப் பதிவுசெய்யக் கிளம்பாதீர்கள். முதல் வேலைக்கு, ஏற்கெனவே தகுதியுள்ள தொண்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போல, கண்மாய், ஊருணி வேலைகளிலேயே பல்லாண்டு பழகிய அமைப்புகள் தென் மாவட்டங்களில் உண்டு. உங்களுக்கு ஊரும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பதிவு எண்ணும் கணக்கு எழுதும் பழக்கமும் இருக்கிறது. சேரும்போது ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: செலவுக் கணக்கு ஊருக்குப் படித்துக் காட்டப்படும் என்று.

எந்தக் கம்பெனியைக் கேட்பது

கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று பிரிவு 135 சொல்கிறது. அது கண்டிப்பான கட்டளை இல்லை, வழிகாட்டுதல்தான் என்று அமைச்சகம் 2021இல் விளக்கம் கொடுத்தது. நடைமுறையில் ஆலைக்கு அருகிலுள்ள கிராமங்களுக்கே பணம் போகிறது. அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகள், நெய்வேலியைச் சுற்றி என்எல்சி, திருச்சியில் பெல், சிப்காட் (அரசின் தொழிற்பேட்டை) வளாகங்களைச் சுற்றி அங்கங்கே உள்ள ஆலைகள் என்று அந்தந்தப் பகுதிக்காரர்களுக்குக் கதவு அருகிலேயே இருக்கிறது. ஆலையே இல்லாத வானம்பார்த்த பூமிக்காரர்கள்தான் அதிகம் தேட வேண்டும். கரூர், கும்பகோணம், தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் வங்கிகளும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருபவைதான். உங்கள் ஊரில் கிளை வைத்திருந்தால் கிளை மேலாளரிடமிருந்து தொடங்கலாம். காற்றாலை, சூரிய மின் நிறுவனங்கள், நகைக்கடன் கம்பெனிகள் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

தேடுவதற்கு இரண்டு இடம் போதும். ஒன்று, அமைச்சகத்தின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளம். எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில் எந்தத் துறைக்கு எவ்வளவு செலவிட்டது என்று அதில் இருக்கும். மற்றொன்று, கம்பெனியின் சொந்த இணையதளம். சிஎஸ்ஆர் குழுவில் யார் யார், கொள்கை என்ன, இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்கள் எவை என்று அங்கே வெளியிட்டாக வேண்டும் என்பது விதி. இரண்டையும் பார்த்தால், கல்வியைத் தவிர வேறெதற்கும் தராத கம்பெனிக்குக் கண்மாய்க் கடிதம் அனுப்பி நேரத்தை வீணாக்கமாட்டீர்கள். நாட்டின் மொத்த சிஎஸ்ஆர் செலவில் கல்வியும் சுகாதாரமும்தான் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே நீர்வளத்துக்குத் தொடர்ந்து செலவிடும் நாலைந்து கம்பெனிகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றுக்குத் தனித்தனியே எழுதுங்கள்.

எழுத வேண்டியது இரண்டு பக்கம்

முதல் பக்கத்தில் ஊர், கண்மாயின் சர்வே எண், பரப்பு, ஆயக்கட்டு, எத்தனை குடும்பம், இப்போது என்ன நிலை, என்ன வேலை, எவ்வளவு ரூபாய், எத்தனை மாதம். இரண்டாம் பக்கத்தில் செலவுப் பட்டியலும், ஊரின் பங்கு என்ன என்பதும், பராமரிப்பு ஏற்பாடும். பின்னிணைப்பாகத் தீர்மானம், மதிப்பீடு, அனுமதிக் கடிதம், தொண்டு நிறுவனத்தின் பதிவுகள், நாலு படம். தமிழில் எழுதி ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வையுங்கள். முடிவெடுக்கிறவர் மும்பையில் இருக்கலாம்.

'விவசாயமே நாட்டின் முதுகெலும்பு' என்று ஆரம்பிக்கும் கடிதத்தை அவர் ஏற்கெனவே நிறையப் பார்த்திருப்பார். 'மடை எண் 2 மூடவே முடியாத நிலையில் இருக்கிறது, மழை நின்ற சில வாரத்தில் கண்மாய் வற்றிவிடுகிறது' என்று தொடங்குங்கள்.

ஊரின் பங்கு என்பதை விட்டுவிடாதீர்கள். ஆயக்கட்டுதாரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டுத் தருவதாக இருக்கலாம். டிராக்டரும் ஆள் வேலையுமாக இருக்கலாம். சின்னத் தொகையாக இருந்தாலும், ஊர் தன் பணத்தைப் போட்ட இடத்தில் கண் வைத்திருக்கும் என்று கம்பெனிக்காரருக்குத் தெரியும்.

செலவுப் பட்டியலில் மேற்பார்வையாளர் சம்பளம், கணக்கு, தணிக்கைச் செலவு ஆகியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று பலரும் அவற்றைச் சுருக்கிவிடுகிறார்கள். அந்த 5 சதவீதம், கம்பெனி தன்னுடைய சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் பொதுச் செலவின் வரம்பு. களத்தில் திட்டத்தை நேரடியாக நடத்தவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அதில் சேராது.

எப்போது அனுப்புவது? கம்பெனிகளின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அந்த ஆண்டுக்கான செயல்திட்டம் அதற்கு முந்தைய மாதங்களிலேயே பேசப்படும். நமக்கோ கண்மாய் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் வேலை நடக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம், நவம்பர் டிசம்பரில் மதிப்பீடும் அனுமதியும், ஜனவரியில் கடிதம், மே மாதம் வேலை என்று திட்டமிட்டால் இரண்டு காலண்டரும் பொருந்தும். பிப்ரவரி, மார்ச்சில் சில கம்பெனிகள் மிச்சப் பணத்தோடு தயாரான திட்டம் தேடும். எல்லாக் காகிதமும் கையில் உள்ள ஊருக்கு அப்போது திடீரென அழைப்பு வரும்.

இடைத்தரகர்கள்

'சென்னையில் ஒரு சார் இருக்கார், நூறு கோடி சிஎஸ்ஆர் ஃபண்டு அவர் கையில், உங்க டிரஸ்ட்டுக்குப் போட்டு விடறோம், இத்தனை பர்சென்ட் ரொக்கமாத் திருப்பிக் கொடுத்துடுங்க' என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். செயலாக்கக் கட்டணம், முன்பணம், 'பைல் நகர்த்த' என்று எது கேட்டாலும் அதே பதில். ரொக்கமாகத் திருப்பித் தருவது உங்கள் அறக்கட்டளையின் பதிவையே பறிக்கும் குற்றம், சிறைக்கும் வழிவகுக்கும். 2025 தொடக்கத்தில் கேரளத்தில் வெளியான பாதி விலை ஸ்கூட்டர் மோசடியும் சிஎஸ்ஆர் என்ற சொல்லை வைத்துத்தான் நடந்தது. பாதிப் பணத்தை நீங்கள் கட்டுங்கள், மீதியைக் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் நிதி கட்டும் என்று சொல்லி ஏராளமான பெண்களிடம் பணம் வசூலித்தார்கள். உண்மையான சிஎஸ்ஆர் நிதியில் பயனாளி முன்பணம் கட்ட வேண்டிய அவசியம் எதுவும் வராது.

சரி என்று சொல்லிவிட்டால்

ஒப்பந்தம் போடுவார்கள். தவணை எப்போது, எதன் அடிப்படையில் என்பதைக் கவனமாகப் படியுங்கள். முதல் தவணை கைக்கு வராமல் ஜேசிபியை இறக்க வேண்டாம். கடன் வாங்கி வேலை பார்த்துவிட்டு இரண்டாம் தவணைக்கு அலைந்த அமைப்புகள் உண்டு. இந்த வேலைக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மண் வேலைக்கு நடைக்கணக்கு நோட்டு, எந்திரத்துக்கு மணிக்கணக்கு நோட்டு, இரண்டிலும் அன்றன்று ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்து. வேலைக்கு முன்பும் நடுவிலும் பின்பும் ஒரே இடத்தில் நின்று, இடக்குறிப்பு பதிவாகும்படி எடுத்த படங்கள். பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைமை அதிகாரி இயக்குநர் குழுவுக்குச் சான்று தர வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் 300 ரூபாய் பில்லுக்குக்கூட இரண்டு முறை போன் வருகிறது.

கண்மாய்க் கரையில் கம்பெனி பெயர்ப் பலகை வைக்கக் கேட்பார்கள். வைக்கட்டும். அதே பலகையில் மொத்தச் செலவையும் ஊரின் பங்கையும் எழுதச் சொல்லுங்கள்.

பதிலுக்கு எதைக் கொடுக்கக் கூடாது

பக்கத்து ஆலையின் கழிவால் கிணற்று நீர் கெட்டிருக்கிறது. அதே ஆலை கண்மாய் தூர்வாரப் பணம் தருகிறது. கூடவே, விரிவாக்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு தீர்மானமும் கேட்கிறது. இந்த இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பேசாதீர்கள். ஒரு சட்டம் கம்பெனி மேல் சுமத்தியிருக்கும் கடமையை நிறைவேற்ற ஆகும் செலவு சிஎஸ்ஆர் ஆகாது என்று விதி தெளிவாக இருக்கிறது. கழிவைச் சுத்திகரிப்பது அந்த வகைக் கடமை. பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டின் இடத்தில் கண்மாய் வேலையை வைக்கக் கூடாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டிய புகாரை அங்கே கொடுங்கள், கண்மாய்க்குக் கேட்க வேண்டியதை இங்கே கேளுங்கள். இரண்டையும் முடிச்சுப் போடும் கம்பெனியின் பணம் வேண்டாம் என்று சொல்ல கிராம சபைக்கு உரிமை இருக்கிறது.

வேலை முடிந்த பிறகு

பெரிய கம்பெனிகள், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய்க்குக் குறையாத சிஎஸ்ஆர் கடமை உள்ளவை, 1 கோடியும் அதற்கு மேலும் செலவான திட்டங்களுக்கு வெளியாரை வைத்துத் தாக்க மதிப்பீடு, அதாவது வேலையால் என்ன பலன் கிடைத்தது என்ற ஆய்வு செய்ய வேண்டும். ஒற்றைக் கண்மாய் வேலை பெரும்பாலும் அந்த அளவுக்கு வராது. யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே அளந்து வையுங்கள். கண்மாயில் ஓர் அளவுக்கல் நட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். மடை எத்தனை நாள் ஓடியது, எத்தனை ஏக்கரில் இரண்டாம் போகம் ஏறியது, அருகிலுள்ள ஐந்து கிணற்றில் கோடையில் எத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்று எழுதுங்கள். வேலை தொடங்கும் முந்தைய ஆண்டின் கணக்கும் இருந்தால்தான் ஒப்பிட முடியும். எனவே இந்த நோட்டை இந்த வாரமே தொடங்கலாம், கம்பெனி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பராமரிப்புக்குப் பணம் வேண்டும். மீன் பாசி குத்தகை, கரை மரங்களின் ஏலம் ஆகியவற்றில் வரும் தொகையில் ஒரு பகுதியை மடைக்கும் கலுங்குக்கும் ஒதுக்க முடியுமா என்று ஊராட்சியோடும் ஒன்றியத்தோடும் முன்பே பேசி எழுதிவாங்குங்கள். அத்தோடு ஆயக்கட்டுதாரர்களின் ஆண்டுச் சந்தா, எவ்வளவு சின்னதாக இருந்தாலும். புரட்டாசி பிறக்கும் முன் ஒருநாள் எல்லாரும் சேர்ந்து வரத்துக்காலைப் பார்த்துவிட்டு வருவது என்று ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து, கலுங்கு மறுகால் போகும் படத்தோடு கம்பெனிக்கு அனுப்புங்கள். நன்றிக் கடிதத்தை நிறையப் பேர் அனுப்புவார்கள், அளவு எழுதிய பக்கத்தை அனுப்புகிறவர் குறைவு. அடுத்த கண்மாய்க்குக் கேட்கப் போகும்போது பேச்சு அங்கிருந்து தொடங்கும்.